மூன்று நொடிக்கு முன்னால் லிஃப்ட் எங்கே?

லிஃப்ட்காரர் வாத்தியாரான கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும், "எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கும் வருவாரா?" என்று கேட்பார்கள். நிலைமை அந்த லட்சணத்தில் இருக்கிறது.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை குடியிருந்த அடுக்குமாடியில் ஒரு காலை லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. உள்ளே அந்த அம்மாள் மட்டும். பழுது பார்க்க வந்தவரோ இருபத்திரண்டு வருடம் இதே வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். உதிரிப் பாகம் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அதுவரை அந்த அம்மாள் பயந்துவிடக் கூடாதே என்று, மூடிய கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, லிஃப்ட் ஏன் அறுந்து விழாது, மறுபக்கம் தொங்கும் எடைக்கு என்ன வேலை என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கதவு திறந்தால் எல்லோரும் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடுவதுதான் வழக்கம். இந்த அம்மாள் நகரவே இல்லை.

"ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கறீங்களா? பதினாலு மாசமா ஆளில்ல" என்றார்.

அடைபட்டதில் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் லிஃப்ட்காரர் நினைத்தார். ஆனால் அடுத்த திங்கட்கிழமையே கம்பெனியில் சாயங்கால முறைக்கு மாற்றிக்கொண்டு, காலையில் கையில் சாக்பீஸுடன் நின்றார்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள். வாழ்நாளில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, கல்யாணத்தன்றுகூடக் கூட்டம் பெண்ணைத்தான் பார்த்தது. "வணக்கம் சார்" என்று அவர்கள் இழுத்துச் சொன்னபோது அவரும் சாக்பீஸோடு கைகூப்பினார். இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது என்று அந்த நிமிடமே ஆசைப்பட்டுவிட்டார்.

தெரிந்த வழியில்தானே போக முடியும். தரைத்தளம் பூஜ்யம், அதற்கு மேலே ஒன்று, இரண்டு, கீழே வண்டி நிறுத்தும் தளங்கள் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. பலகை முழுக்க ஒரு லிஃப்ட் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாடம் முடிந்ததும், கம்பெனி பழக்கப்படி ஒரு நோட்டில் பழுது, காரணம், செய்த வேலை என்று எழுதி வைப்பார். "பழுது: கடைசி வரிசையில் நால்வருக்கு வகுத்தல் ஓடவில்லை. காரணம்: ஏழாம் வாய்ப்பாடு தேய்மானம். செய்தது: தற்காலிக ஏற்பாடு. வியாழக்கிழமை திரும்பப் பார்க்க வேண்டும்."

வினை வீட்டிலேயே இருந்தது. அவருடைய மனைவியின் தம்பி வேறொரு பள்ளியில் கணக்கு வாத்தியார். அதோடு ஆசிரியர் சங்கச் செயலாளர். சான்றிதழ் இல்லாதவர்களை வகுப்பில் விடக் கூடாது என்று நாலு மாதமாக மேடை போட்டுத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார். அக்கா புருஷனே சாக்பீஸ் பிடித்த செய்தி கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு வருஷம் பயிற்சி, மூணு தடவை தகுதித் தேர்வு. எனக்கெல்லாம் என்ன, வேற வேலை இல்லாமலா எழுதினேன்? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரையாம். நல்லா இருக்கு மாமா."

"சர்க்கரைதான் பதினாலு மாசமா வரலையேடா. பிள்ளைங்க வெறுந்தண்ணியா குடிக்கும்?" என்றார் அக்கா.

"சரிக்கா. நான் போய் மாமாவோட லிஃப்ட்டை ரிப்பேர் பண்ணட்டுமா? நீ ஏறுவியா அதுல?"

அக்கா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். உரிமம் இல்லாதவன் எவனாவது லிஃப்ட் இயந்திரத்தில் கை வைத்தால் கையை முறிக்கிற ஆள் லிஃப்ட்காரர். மைத்துனன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்பது மற்ற யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்தது, அதனால்தான் சோறு இறங்கவில்லை.

சங்கம் கல்வித்துறைக்குப் புகார் கொடுத்தது. ஆய்வாளர் வரும் நாளும் குறித்தாகிவிட்டது. அன்று காலை பள்ளி வாசலில் இருபது ஆசிரியர்கள் அட்டை பிடித்து நின்றார்கள். முதல் வரிசையில் மைத்துனர், கையில் "தகுதியில்லாதவரை வெளியேற்று!" அட்டை. மாமா உள்ளே நுழையும்போது மரியாதைக்கு அட்டையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.

ஆய்வாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பழுது நோட்டைப் புரட்டினார். எதிரே தலைமையாசிரியை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பாடம் பிசகினால் நாளையிலிருந்து வகுப்பு மறுபடி காலி. முதல் இருபது நிமிடம் ஜோராகப் போனது. மைனஸ் இரண்டிலிருந்து ஐந்து மாடி ஏறினால்? மூன்று, என்று முப்பத்தெட்டுக் குரலும் கத்தின. ஆய்வாளர் தலையாட்டக்கூடச் செய்தார்.

அப்போதுதான் முன் பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது. எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்பதால் அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் ஏனம்மா என்று பெயர்.

"சார், மைனஸையும் மைனஸையும் பெருக்கினா பிளஸ்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. ஏன் சார்? கீழயும் கீழயும் போனா இன்னும் கீழதானே சார் போகணும்?"

லிஃப்ட்காரர் பலகையைப் பார்த்தார். லிஃப்ட்டை மேலே ஓட்டினார், கீழே ஓட்டினார். எப்படி ஓட்டினாலும் அது கீழ்த்தளத்தைத் தாண்டி மண்ணுக்குள்தான் போனது. அப்படித்தான் விதி, மனப்பாடம் பண்ணிக்கோ என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ சான்றிதழ்கள் அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கின்றன. ஆனால் ஏனம்மா நடுமாடியில் நின்றுகொண்டிருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது, அவள் பின்னால் வகுப்பே நின்றது. உள்ளே ஆள் அடைபட்டிருந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவர் இருக்கும் இடத்தை மறந்து, இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வந்ததைச் சொன்னார்.

"யாரும் பயப்பட வேணாம். நடுவுல மாட்டியிருக்கீங்க, அவ்வளவுதான். நீங்களா கதவை இழுக்காதீங்க. எனக்கு இது தெரியல, தெரிஞ்ச ஆளோட அஞ்சு நிமிஷத்துல வர்றேன்."

சொல்லிவிட்டு, ஆய்வாளரை உட்கார வைத்தபடியே வெளியே நடந்தார். தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார்.

வாசலில் கோஷம் உச்சத்தில் இருந்தது. லிஃப்ட்காரர் நேராகப் போய் மைத்துனர் முழங்கையைப் பிடித்தார்.

"மாப்ள, மைனஸையும் மைனஸையும் பெருக்கினா ஏன் பிளஸ்? உள்ள முப்பத்தெட்டுப் பேர் மாட்டிக்கிட்டாங்க."

"மாமா, நான் உங்களை எதிர்த்துப் போராட்டம் பண்ணிக்கிட்டிருக்கேன்."

"பண்ணு. வந்து சொல்லிட்டுப் போய்ப் பண்ணு."

வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? கணக்கு தப்பாகப் போகிறது என்று கேட்ட பிறகு கால் அங்கே நிற்கவில்லை. அட்டையும் கையுமாகவே உள்ளே வந்து, அதைப் பலகையில் சாய்த்து வைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டு, வரைந்திருந்த லிஃப்ட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"லிஃப்ட் நொடிக்கு ரெண்டு மாடி இறங்குது. அது மைனஸ் ரெண்டு. இப்ப தரைத்தளத்துல இருக்கு. மூணு நொடி கழிச்சு எங்க இருக்கும்?"

"மைனஸ் ஆறு."

"மூணு நொடிக்கு முன்னால எங்க இருந்திருக்கும்?"

ஏனம்மா விரலை மடக்கினாள், விரித்தாள்.

"ஆறாவது மாடி. மேல."

"முன்னாலன்னா மைனஸ் மூணு நொடி. இறங்கறது மைனஸ் ரெண்டு. மேல ஆறு. வந்துதா பிளஸ்?"

"ஓ" என்ற சத்தம் கடைசி பெஞ்சு வரை போய் அலையடித்துத் திரும்பியது. அதில் ஆய்வாளர் குரலும் கலந்திருந்தது. லிஃப்ட்காரருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அவருடைய லிஃப்ட்டை வைத்தே மைத்துனர் அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

"பார்த்தீங்களா சார், இதுக்குத்தான் பயிற்சி பெற்ற ஆள் வேணும்கிறோம்" என்றார் மைத்துனர் ஆய்வாளரிடம்.

"நியாயம்தான் மாப்ள" என்றார் லிஃப்ட்காரர். மனதார.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "அப்ப நீங்களே இங்க மாறுதல் வாங்கிக்கங்களேன்."

"எப்படி சார்? எங்க பள்ளிக்கூடத்துல கணக்குக்கு நான் ஒருத்தன். அறிவியலுக்கும் ஆளில்லாம நானேதான்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

"அறிவியலுக்குச் சான்றிதழ் இருக்கா சார்?" என்று கேட்டாள் ஏனம்மா.

சங்கச் செயலாளர் அட்டையைப் பார்த்தார். அட்டை அவரைப் பார்த்தது. கடைசியில் மாமா பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "மின்சாரப் பாடம் வந்தா அடுத்த பாடத்துக்குப் பக்கத்தைத் திருப்பிடுவேன் மாமா. ரெண்டு வருஷமா" என்றார். முகம் சுருங்கிப்போயிருந்தது. லிஃப்ட்காரருக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை நான் அங்க வர்றேன்டா. மின்சாரம் நம்ம சோறு. வியாழக்கிழமை நீ இங்க வா."

"நான் இங்க இருக்கேன்கறதையாவது ஞாபகம் வச்சுக்கங்க" என்றார் ஆய்வாளர். "இதையெல்லாம் என் காதுபடப் பேசினா எழுதித்தான் ஆகணும்." அப்படியே எழுதவும் செய்தார். தகுதியற்ற நபர் பாடம் நடத்துகிறார், உடனடியாக நீக்கப் பரிந்துரைக்கிறேன். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, முத்திரையும் குத்தினார்.

"அப்ப நாளைக்கு எங்களுக்கு யாரு சார் வருவாங்க?" என்றாள் ஏனம்மா.

ஆய்வாளர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். முப்பத்தெட்டு முகங்களையும் ஒரு தடவை பார்த்தார்.

"இந்த அறிக்கை இன்னிக்கே தலைமை அலுவலகம் போயிடும்மா. அதைப் படிச்சு உத்தரவு போடற பிரிவுல மூணு நாற்காலி இருக்கு. எட்டு மாசமா மூணும் காலி."

"ஆள் போட மாட்டாங்களா சார்?"

"போடுவாங்க" என்றார் அவர், எழுந்துகொண்டே. "தகுதியான ஆள் கிடைக்கணுமில்ல?"

வாசலில் அவருக்காகக் காத்திருந்த கோஷம் மறுபடி எழுந்தது, செயலாளர் குரல் மட்டும் அதில் இல்லை. மணி அடிக்க இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. மைத்துனர் சாக்பீஸைக் கீழே வைக்காமல் அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்திருந்தார். லிஃப்ட்காரர் ஏனம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்லி, முன் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.