நுரைக்கும் சேறு

என்னைப் பொய்யன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் என் அத்தான். பிறகு அக்கா அழுதாள் என்று அதே ஆய்வகத்தில் எனக்கு இரவு ஷிஃப்ட் வேலையும் வாங்கித் தந்தார். இரண்டையும் நான் மறக்கவில்லை.

கடற்பாசி, நீரில் கரைந்திருக்கும் கார்பனைத் தின்று வளரும். அலை அதைப் பிய்த்துப் போடும். பெரும்பகுதி கரையில் அழுகும். கார்பன் திரும்பக் காற்றுக்கே போய்விடும். கொஞ்சம் மட்டும் அடிச்சேற்றில் புதைந்து தங்கும். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதுதான் என் ஆராய்ச்சி. சேற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று கண்டேன். வழிகாட்டியான அத்தானுக்கு அது போதவில்லை. பெரிய எண் வந்தால்தான் பெரிய திட்டம் வரும். நான் எண்களை இட்டுக்கட்டினேன் என்று அறிக்கை கொடுத்தார். படிப்பு அத்தோடு போயிற்று.

இப்போது அதே சேற்றைக் காயவைத்து, அரைத்து, உலையில் எரிப்பது என் வேலை. வெளிவரும் வாயுவை இயந்திரம் அளந்து கார்பன் எவ்வளவு என்று சொல்லும். எரிப்பதற்கு முன் ஒரு படி உண்டு. சேற்றில் நொறுங்கிய சிப்பித் தூள் கிடக்கும். அதிலும் கார்பன் இருக்கிறது, ஆனால் அது பாசி தந்ததல்ல. அமிலம் விட்டால் சிப்பி நுரைத்துக் கரைந்துவிடும். நுரை அடங்கிய பிறகே எரிக்க வேண்டும். நேரம் பிடிக்கிற வேலை.

"அதெல்லாம் வேணாம்டா, நேரா எரி. நம்ம கடல்ல சிப்பியே கிடையாது," என்றார் அத்தான். அவர் கடலில் கால் நனைத்துப் பத்து வருடம் இருக்கும்.

"சரிங்க அத்தான்."

நூற்றுக்கு ஐந்து வந்தது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை.

பதிவேட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டம். அமிலக் கட்டத்தை எட்டு மாதம் காலியாகவே விட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அத்தான் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஒவ்வொரு மாதிரியிலும் பாதியை எரிக்காமல் குப்பியில் போட்டு, எண் ஒட்டி, அலமாரியின் பின்வரிசையில் அடுக்கினேன்.

திட்டத்தைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். பதிவேட்டைப் புரட்டியவர் நிறுத்தினார். "அமிலக் கட்டம் எல்லாம் காலியா இருக்கே?"

அத்தான் சிரித்தார். "நம்ம மச்சினன்தான் மேடம். வேலை செய்வான், எழுத மறந்துடுவான். படிப்பு ஏறல."

"மறக்கல மேடம். அமிலமே விடல, வேணாம்னுட்டாரு. இப்ப விட்டுக் காட்டட்டுமா?"

ஒரு குப்பியை எடுத்துத் தட்டில் கொட்டிப் பத்துச் சொட்டு விட்டேன். சேறு சீறியது. நுரை விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்தது.

"சிப்பியே கிடையாதுன்னீங்க அத்தான். இது என்ன, சோப்பா?"

அத்தான் என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனார். "உங்க அக்காவை நெனச்சுப் பாத்தியாடா? உனக்கு வேலை போட்டுக் குடுத்தவன்டா நான்!"

"மொதல்ல என்னைப் போட்டுக்குடுத்தீங்க. அப்புறம்தான் வேலை."

உள்ளே அம்மாள் என்னைக் கேட்டார். "எட்டு மாசமா தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எண்ணை இட்டுக்கட்டுறவன்னு என் பேர்ல ஒரு அறிக்கை இருக்கு மேடம். நான் சொன்னா யாரு நம்புவாங்க?"

"நீங்களும் சும்மா இருந்திருக்கீங்க. உங்க பேரையும் எழுதுவேன்."

"எழுதுங்க. அவரு பேருக்குக் கீழ எழுதுங்க, போதும்."

நுரை அடங்கிய சேற்றை மறுநாள் அம்மாள் கண்ணெதிரே எரித்தேன். இயந்திரம் இரண்டு என்றது. அம்மாள் என் பழைய ஆய்வேட்டை வரவழைத்து, எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மிச்சக் குப்பிக்கும் அமிலம் விடுங்க. ஒண்ணு விடாம, இவர் கூடவே நின்னு பாக்கணும்."

அத்தான் ஒரு நாற்காலியை இழுத்தார்.

"உக்காராதீங்க அத்தான், மூஞ்சில தெறிக்கும்," என்றேன்.

அறுபத்து மூன்று குப்பிகள். ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாகத்தான் விட்டேன்.