பெயர் சொன்ன ஜெபக் குறிப்பு

பாண்டிச்செல்விக்கு வாய் சும்மா இருக்காது. அதற்கு ஜெபம் என்று வேறு பெயர் வைத்திருந்தாள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் வெள்ளிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கும். முடிகிற நேரத்தில் ஆளாளுக்கு ஜெபக் குறிப்பு சொல்வார்கள். மகனுக்கு விசா கிடைக்க வேண்டும், முட்டுவலி தீர வேண்டும், இப்படி. அன்று பாண்டிச்செல்வி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணீரும் கம்பலையுமாக எழுந்தாள்.

"எந் தங்கச்சி இசக்கிசெல்விக்காக ஜெபிங்க. வேலை பாக்குற ஓட்டல்ல இருந்து துண்டு, சோப்புன்னு எடுத்துட்டு வந்துருதா. கர்த்தர் அவ கையத் தொடணும்."

கூட்டத்தில் அமுதவள்ளியும் இருந்தாள். அதே ஓட்டலில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள்தான் மேற்பார்வை. பாண்டிச்செல்விக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அத்தனை பேரும் உருகி "ஆமென்" சொன்னபோது ஒரு சுகம் இருந்தது பாருங்கள், அதில் எல்லாம் மறந்துவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானமே இசக்கிசெல்வி வேலையிலிருந்து, அக்காவும் தங்கையுமாகக் குடியிருந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

"ஜோலி போச்சுக்கா. கூட்டத்துல நீ சொன்னத அமுதவள்ளி ஓட்டல்ல சொல்லிட்டா."

பாண்டிச்செல்விக்கு முதலில் தன் நினைப்புதான் வந்தது. இவள் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் இந்த ஊரில் தனக்கென்று யார் இருக்கிறார்கள்?

இசக்கிசெல்வி திரும்பிப் போய் வாசல் கதவைச் சாத்தினாள். சன்னலையும் இழுத்து மூடினாள்.

"எதுக்குட்டி மூடுத?"

"பக்கத்து வீட்டுச் சேச்சி காதுல விழ வேண்டாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் எடுத்தது தப்புதான். ஒத்துக்கிட்டேன். எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துருவேன். ஆனா நீ செஞ்சதும் தப்புக்கா. எங்கிட்ட ஒரு தடவ தனியாச் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்லா?"

கத்தியிருந்தால் பாண்டிச்செல்வியும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். தங்கை கத்தவில்லை. அக்காவின் மானத்தைக் காப்பாற்றக் கதவை அல்லவா சாத்தியிருக்கிறாள்! பாண்டிச்செல்வி கூனிக் குறுகிப் போனாள். ஒரு மாதமாக அந்தச் சோப்பில்தான் இவளும் குளித்தாள். அப்போதெல்லாம் ஒரு வார்த்தை கேட்டாளா?

"வர்ற வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கேன்ட்டி. அழுதே கேக்கேன்."

"அங்க வேண்டாம்க்கா," என்றாள் இசக்கிசெல்வி. "எங்கிட்ட கேளு."

அரை மணி நேரம் மூச்சு விடாமல் ஜெபிக்கிறவளுக்கு நாக்கு எழவில்லை. தங்கை காத்திருந்தாள். பாண்டிச்செல்வி அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல், தரையைப் பார்த்தபடியே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டாள்.