எதற்குச் சரி சொன்னான்

"சரியா?" என்று கேட்டாள் ஜெபிஷா.

"சரிதான், ஜெபி."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"சரின்னு சொல்றேன்ல."

பிராங்கின் நினைவில் இருந்தது இவ்வளவுதான். வியாழக்கிழமை காலை, மேனாம்பேட்டில் அவர்கள் குடியிருக்கும் இரண்டாவது மாடி ஃபிளாட்டின் சமையலறையில் நடந்த பேச்சு அது. இந்த நான்கு வரிக்கு முன்னால் ஜெபிஷா மூன்று நிமிடமாவது பேசியிருப்பாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பீன்ஸ் நறுக்கியபடி பேசினாள். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, குழாய் திறந்திருந்தது. ஹாலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த அவனுக்குக் குரல் கேட்டது. சொல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் திரும்பியபோது, கடைசி இரண்டு கேள்விகளை அவள் உதட்டிலிருந்து படித்தான். வழக்கமாகச் சொல்வதையே சொன்னான்.

அவள் உடனே நகரவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குழாயை மூடினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று அவள் வெங்காயம்கூட நறுக்கவில்லை.

எதற்குச் சரி சொன்னோம்? பைக்கில் மண்ணூர்பேட்டை கம்பெனிக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்விதான் அவனோடு வந்தது.

பதினாறு வருடமாக பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டின் மேல் இயந்திரம் நிமிடத்துக்கு நாற்பது முறை இறங்கும் இடம். முதலில் போனவை மெல்லிய சத்தங்கள்: குக்கரின் கடைசி விசில், கொலுசு, பக்கத்து வீட்டு அழைப்பு மணி. பிறகு பேச்சு ஓட்டை ஓட்டையாகக் கேட்க ஆரம்பித்தது. மூன்று வருடமாக அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. பிரஸ் ஷாப்பில் அது யாருக்கும் தெரியவும் வராது. அங்கே எல்லாரும் கையாலும் உதட்டாலும்தான் பேசுவார்கள். அந்தச் சத்தத்தில் அவனைப் போல விஷயத்தைச் சட்டென்று பிடிக்கிறவர் இல்லை என்று பெயர்கூட வாங்கியிருந்தான். அதனால்தான் சூபர்வைசர் ஆனான்.

கூட வேலை பார்த்த பால்ராஜுக்கு நடந்ததை அவன் பார்த்திருந்தான். வருடாந்திர காது டெஸ்டில் பால்ராஜ் தேறவில்லை. மறுவாரமே கம்பெனி கேட்டில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம், "இன்னா அண்ணாத்தே, டவர் கிடைக்கலியா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பான். பிராங்கும் ஒருமுறை சிரித்திருக்கிறான். போன வருடம் டெஸ்ட் வேனில், சத்தம் கேட்டால் அழுத்த வேண்டிய பட்டனை, கண்ணாடியில் தெரிந்த நர்ஸின் விரலைப் பார்த்துப் பார்த்து அழுத்தித் தப்பித்தான். அடுத்த மாதம் மறுபடி அந்த வேன் வரும்.

ஜெபிஷாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆவடி சர்ச் பாடகர் குழுவில் அவளுடைய தணிந்த குரலைக் கேட்டுத்தான் அவன் மயங்கினான். அடுத்த வரிசையில் நின்று அந்த ஒரு குரலை மட்டும் பிரித்துக் கேட்பான். 'உன் குரலே இப்போது எனக்குப் புரியவில்லை' என்று அவளிடம் எப்படிச் சொல்வது? குழுவுக்குப் போவதை நிறுத்தியபோது ஷிஃப்ட் மாறிவிட்டது என்றான். போனில் கூப்பிட்டால் எடுக்காமல், மெசேஜ் போடு என்று அனுப்பினான். அவள் ஏதாவது சொன்னால் சரி என்றான். அந்த ஒரு சொல்லோடு எல்லாப் பேச்சும் முடிந்துவிடும், யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது, பரணிலிருந்த சிவப்பு சூட்கேஸ் கட்டில்மேல் இருந்தது.

விஷயம் தெரியாமலே விஷயத்தை வரவழைக்கும் கேள்விகள் அவனிடம் நிறைய உண்டு. அதில் ஒன்றை எடுத்தான். எப்போது என்று முடிவு பண்ணியாச்சா என்று கேட்டான். திங்கட்கிழமை என்றாள். எல்லாம் ரெடியா என்றான். அவள் மடித்த துணியை வைத்துவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் கேப்பீங்களா? வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

அதற்கும் சரியான பதில் ஒன்று இருந்திருக்கும். அவன் தண்ணீர் குடிக்கப் போனான். அவள் அம்மாவுக்கு ஆபரேஷனா, யார் வீட்டிலாவது கல்யாணமா என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பத்திரிகைகளைத் தேதி தேதியாகப் பார்த்தான். திங்கட்கிழமை என்று ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை கம்பெனியில் சூபர்வைசர்களுக்குப் பயிற்சி வகுப்பு. நன்றாகப் பேசுவது எப்படி, கேட்பது எப்படி என்று சொல்லித்தர சபீனா என்ற பெண் வந்திருந்தார். ஏசி ஹால், மைக் இல்லை. பிராங்க் முன்வரிசையில் போய் உட்கார்ந்தான். பேசுகிறவரின் முகத்தைப் பாருங்கள், கேட்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள், புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள், அதில் வெட்கம் எதற்கு என்றார். கடைசி விஷயத்தைச் சொல்லும்போது அவர் தன்னைத்தான் பார்த்தார் என்று அவனுக்குத் தோன்றியது.

பிறகு இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காரச் சொன்னார். ஒருவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும், மற்றவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பிராங்குக்கு எதிரில் இன்னொரு சூபர்வைசர் தமிழரசு. தன் மாமனார் புது ஸ்கூட்டரைக் கால்வாயில் இறக்கிய கதையைச் சொன்னான். பிராங்க் அவன் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னான். சபீனா மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார், கேட்பது என்றால் இப்படிக் கேட்க வேண்டும் என்று. எல்லாரும் கைதட்டினார்கள்.

"ஊட்லயும் இப்டிதான் குந்திக்கினு கேப்பியாண்ணே?" என்றான் தமிழரசு. "அண்ணி குட்த்து வச்சது."

பிராங்க் சிரித்தான்.

திரும்பும் வழியில் ஒரு தண்ணீர் லாரி அவன் தோளை உரசுகிற மாதிரி கடந்து போனது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டித் திட்டினான். ஹாரன் அடித்திருப்பான். எத்தனை முறை அடித்தானோ. பிராங்க் பைக்கை ஓரம் கட்டி, பின்பக்கம் தெரிகிற மாதிரி கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு கிளம்பினான்.

வீட்டில் மகள் நிஷா தன் வண்ணப் பென்சில்களை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எட்டு வயது. அவனிடம் பேசுவதற்கு முன்னால் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள், அவன் குனிந்து முகத்தைப் பார்க்கும்வரை காத்திருப்பாள், பிறகுதான் பேசுவாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போதும் இழுத்தாள்.

"அப்பா, புது ஸ்கூல்ல எனக்கு ஜன்னல் சீட் தருவாங்களா?"

எந்தப் புது ஸ்கூல் என்று கேட்டான். நாகர்கோவிலில் மாமா வீட்டுக்குப் பக்கத்து ஸ்கூல் என்றாள். அம்மாவும் அவளும் இனி அங்கேதான் இருக்கப் போகிறார்களாம். திங்கட்கிழமை ரயில்.

"அப்பாவுக்கு நம்மகூட பேசப் பிடிக்கலன்னு அம்மா மாமாகிட்ட போன்ல சொன்னாங்க. போகட்டுமான்னு கேட்டதுக்கு நீங்க சரின்னுட்டீங்களாமே."

வியாழக்கிழமை ஜெபிஷா மூன்று நிமிடம் பேசியிருக்கிறாள். பேசிவிட்டுத் திரும்பி, நல்லா யோசித்தீர்களா என்று ஒருமுறை கேட்டும் இருக்கிறாள். அவன் ஷூ நாடாவைக் கட்டியபடி அவளைப் போகச் சொல்லியிருக்கிறான்.

சமையலறையில் ஜெபிஷா அன்றுபோலவே முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினான். கையை நீட்டிக் குழாயை மூடினான். அவள் திரும்பவில்லை. தோள் லேசாக அசைந்தது. ஏதோ சொல்கிறாள். ஃபேனும் குழாயும் நின்ற பிறகும் அவனுக்கு வந்தது ஒரு முனகல் மட்டும்தான்.

பழக்கத்தில் அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லிவிட்டால் இந்த நிமிடம் முடிந்துவிடும். சொல்லாவிட்டால் பால்ராஜின் நாற்காலி, தமிழரசுவின் சிரிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக, பரிதாபப்படப்போகும் இவள் முகம். அவன் நிஷா செய்வதுபோல ஜெபிஷாவின் புடவைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தான். அவள் திரும்பினாள். கண்கள் சிவந்திருந்தன.

"எனக்குக் காது கேக்கல, ஜெபி," என்றான். "மூணு வருஷமாச்சு. அன்னைக்கு நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கல. என் முகத்தைப் பாத்து இன்னொரு தடவ சொல்லேன்."