எலைனுக்காக வைத்த ஜெபம்

தங்கவயல் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறிய பெண்கள் எல்லாரும் மார்கழிக் குளிருக்கு ஜன்னலை இறக்கி முக்காடு போட்டிருக்க, எலைன் மட்டும் தன் ஜன்னலைத் தூக்கினாள். கழுத்திலிருந்து நெற்றிவரை குப்பென்று எரிந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினாள், மாட்டினாள், இடம் மாறி உட்கார்ந்தாள். மாதவிலக்கு நின்றதிலிருந்து தூக்கமில்லை. பெங்களூர் கார்மெண்ட்ஸில் துணி பார்த்து அனுப்புகிற வேலை. போன வாரம் தப்பான அளவில் ஒரு லாட் துணி முழுவதையும் அனுப்பிவிட்டாள். இன்னொரு தடவை நடந்தால் வரவேண்டாம் என்றுவிட்டார்கள். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரை, பிரிக்கப் பயந்து கைப்பையிலேயே கிடந்தது.

பங்காருபேட்டை வருவதற்குள் பெட்டியில் ஜெபம் நடத்துவது வழக்கம். விண்ணப்பம் சொல்லும் நேரத்தில் நாத்தனார் வின்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்க அண்ணிக்காக ஜெபம் பண்ணுங்க. கேன்சர யாருக்கும் சொல்லாம மறைச்சிக்கினு கீறாங்க.”

அதற்குள் யாரோ எலைனின் தலைமேல் கை வைத்துவிட்டார்கள்.

“அடியே, இன்னா பேசறே? யாருக்குடி கேன்சர்?”

“மருந்துக்கடையில ஹார்மோன் மாத்திர வாங்கனீங்களே, பின்னாலதான் நின்னேன் அண்ணி. நேசமணியக்காவுக்கு மார்புல ஆபரேஷன் ஆனப்பறம் அதத்தான குடுத்தாங்க?”

புருஷனிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததை இப்போது பெட்டிக்கே சொல்லவேண்டியதாயிற்று.

“அது வேற, இது வேற. எனக்கு நின்னுபோச்சு. ஒடம்பு எரியுது, தூக்கம் வர்ல. அதுக்குத்தான்.”

எதிர்சீட்டில் பஜார் கடைக்காரர் வீட்டுக் கங்கம்மா பதறினாள். “ஐயோ, அத்த சாப்ட்டாதான் கேன்சரே வரும்! நாங்கல்லாம் மாத்திர போட்டா இந்த வயச தாண்டனோம்?”

“நீங்க தாண்டனப்போ உங்க வூட்ல தட்டு பறந்துச்சாமே, உங்க மருமவ சொன்னா,” என்றாள் பின்சீட்டிலிருந்து ஒருத்தி.

பெட்டி சிரித்தது. கங்கம்மாவும் சிரித்துவிட்டாள்.

எலைனுக்குச் சிரிப்பு வரவில்லை. “நானும் கேட்டேன்க்கா. மார்ப படம் புடிச்சி, எங்கம்மா வூட்ல யாருக்காச்சும் கீதான்னு விசாரிச்சி, அப்பறம்தான் எழுதனாங்க. ஆபத்தே இல்லன்னு சொல்லல. உனக்குக் கொஞ்சம்தான், வருஷா வருஷம் வந்து காட்டுன்னாங்க.”

“எல்லாருக்கும் குடுப்பாங்களா?” கங்கம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஆளப் பாத்துதான். போயி கேளுங்க.”

“அப்போ இன்னான்னு ஜெபம் பண்றது?” என்றாள் வின்னி.

“தூக்கம் வரணும்னு பண்ணு. தண்ணி பாட்டில இப்டி குடு.”

கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கிழித்தாள். இன்று விட்டால் இனிமேல் சாப்பிடப்போவதில்லை என்று அவளுக்கே தெரியும். வாயில் போட்டு மடமடவென்று குடித்தாள். பெட்டியே அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணி, இன்னா பண்ணுது?”

“இருடீ. இன்னும் உள்ளயே போவல.”