பென்சில் தொலைந்த நாள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் குளவிக்காரி என்று பெயர். கொட்டுகிற குளவி அல்ல. எள்ளைவிடச் சின்னதாய், புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்று தீர்க்கும் ஒட்டுண்ணிக் குளவி. மலைச்சரிவில் காடு, மேய்ச்சல் நிலம், தோட்டம் என்று இடத்துக்கு இடம் மஞ்சள் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைப்பாள். விழுந்ததை வடிகட்டி ஸ்பிரிட் குப்பியில் போட்டு, லென்ஸுக்கு அடியில் குனிந்து எண்ணுவாள். எட்டு வருடம் குனிந்ததில் கழுத்துதான் போயிற்று, கவனம் போகவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் ஓதுகிற பாடம் இது. அப்படிப்பட்டவளே ஒரு மழைநாளில் பென்சிலைத் தொலைத்துவிட்டு, பஸ் போய்விடுமே என்று பேனாவால் கிறுக்கினாள். கூடத்துக்கு வந்து பார்த்தால் இரண்டு குப்பிகளில் ஸ்பிரிட் நீலமாகியிருந்தது, சீட்டு வெள்ளையாகக் கிடந்தது. ஒரு குப்பியில் குளவி மண்டியிருந்தது. மற்றதில் மூன்றே மூன்று.

ஒன்று அவள் அண்ணனின் முட்டைக்கோஸ் தோட்டம். இன்னொன்று அதற்குக் கீழே, ஓரமெல்லாம் புதரும் பூவுமாய் ஒருத்தி விட்டுவைத்திருந்த தோட்டம். அண்ணனோ, நாலு வரிசை கூடுதலாக நடலாம் என்று போன வருடம்தான் தன் ஓரத்துப் புதரை வேரோடு பிடுங்கி எரித்திருந்தான். குளவி தங்குவதும் தேன் குடிப்பதும் புதரிலும் பூவிலும்தான்; எந்தக் குப்பி யாருடையது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் பையில் இடப்பக்கம் இருந்தது அண்ணனுடையதுதான் என்று தனக்குத்தானே சாதித்துக்கொண்டு, நிறைந்த குப்பிக்கு அண்ணன் தோட்டத்தின் பெயரை எழுதினாள். இந்தத் தடவை பென்சிலால் எழுதினாள்.

மருந்தடித்து மருந்தடித்து அண்ணனுக்கு நெஞ்சு கெட்டிருந்தது. இன்னொரு பருவம் அடித்தால் ஆள் தேறுவது கஷ்டம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அடிக்காவிட்டால் புழு தோட்டத்தைத் தின்றுவிடும். தோட்டம் போனால் மிச்சம் இருப்பது கல்குவாரி வேலை. அந்தத் தூசியில் அந்த நெஞ்சு எத்தனை மாதம் தாங்கும்? இதை நினைத்துத்தான் அவள் கை எழுதியது.

"அண்ணா, இந்தத் தடவை மருந்தே வேண்டாம். உன் தோட்டத்துல குளவி கொட்டிக் கிடக்கு. புழுவை அதுங்க பாத்துக்கும்."

"நெசமாவா?"

"எண்ணிப் பாத்துட்டுத்தானே சொல்றேன்."

எண்ணியது என்னவோ உண்மைதான்.

இரண்டு மாதம் கழித்து, அறிக்கைக்காகக் குப்பிகளை மறுபடி திறந்தாள். நிறைந்த குப்பியில் பச்சையாய் மினுங்கும் ஒரு வகை, பதினேழு இருந்தது. முள்ளுப்புதரின் தண்டுக்குள் வாழும் புழுவைத் தவிர வேறெதையும் அது தொடாது. அண்ணன் தோட்டத்தில் முள்ளுப்புதர் ஏது? வெள்ளை அங்கியைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினாள்.

தோட்டத்தில் இலைகள் நரம்பு மட்டுமாய் நின்றன. அண்ணன் குனிந்து புழுக்களைப் பொறுக்கித் தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அதைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"வாம்மா. உன் குளவி ஆளுங்க எப்ப வருவாங்க? ஓரத்து வரிசையில மட்டும் நான் கை வைக்கல. புழு இருந்தாத்தான் அதுங்க முட்டை போடும்னு நீ சொன்னியே, அதுக்காக விட்டு வச்சேன். அங்கேர்ந்துதான் எல்லாத்துக்கும் பரவிடுச்சு போல."

"அண்ணா, குளவி நெறஞ்சிருந்த பாட்டில் உன்னோடது இல்ல. நான் மாத்தி எழுதிட்டேன்."

அவன் கை நின்றது. "அப்ப என்னோடதுல எத்தனை?"

"மூணு."

டப்பாவைக் கீழே வைத்தான். வெகுநேரம் இருமினான்.

"புதரைப் பிடுங்குனது நான்தானே" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதற்கு அழுதுவிட்டாள்.

"குவாரியில கேட்டு வச்சிருக்கேன். நீ வந்து நல்ல சேதி சொல்லுவேன்னுதான் போகாம இருந்தேன். சரி, திங்கக்கிழமை போறேன்." துண்டால் வாயைத் துடைத்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "ஆபீஸ்ல அந்தப் பேரை மாத்திட்டியா?"

"இன்னும் இல்ல."

"மொதல்ல அதை மாத்து. கீழ்த் தோட்டத்துக்காரி தன்னோட புதரை எடுத்துடலாமான்னு எங்கிட்ட கேட்டா. எடுத்தாலும் குளவிக்கு ஒண்ணும் ஆகாது, புதரே இல்லாத என் தோட்டத்துல கொட்டிக் கிடக்கு, என் தங்கச்சி எண்ணிப் பாத்திருக்கான்னு சொல்லிட்டேன்."

குளவிக்காரி திரும்பினாள். கீழ்த் தோட்டத்தின் ஓரத்திலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. காலையிலிருந்தே எரிகிறது என்றான் அண்ணன்.