எட்டு மணிக் குரல்

பாலேஸ்வரியின் குரல் அவரை விட்டுவிட்டுத் தனியே ஊர்ப்பயணம் கிளம்பியது சென்ற மார்கழியின் முதல் வெள்ளிக்கிழமை, இரவு எட்டு மணிக்கு. அப்போது அவர் டொரோண்டோ நகரத்தின் ஸ்காபரோவிலுள்ள ஒரு தமிழ் வானொலி நிலையத்தில் மைக்கின் முன்னால் அமர்ந்திருந்தார். வழக்கம்போல மரண அறிவித்தலை வாசிக்க வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது. வேலை முடிந்து நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தவர்கள் தங்கள் கார் ரேடியோவைத் தட்டிப் பார்த்தார்கள். நிலையத்தை நடத்தும் அன்புராசா பதறிப்போய் ஒரு வீணை இசையை ஓடவிட்டு, சுடுதண்ணீர், தேன், கற்கண்டு என்று ஒவ்வொன்றாக நீட்டினார். அதே நேரம் நகரத்தின் மறுகோடியில், பார்க்டேலில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்து மேடையில், கிறிஸ்மஸ் தாத்தாவைப் போலச் சிவப்புச் சேலைக்கு வெள்ளைப் பஞ்சுக் கரை வைத்துக் கட்டிக்கொண்டு நின்ற ஒரு பெண்வேடக்காரனின் வாயிலிருந்து அந்தக் குரல் கணீரென்று வந்துகொண்டிருந்தது. அவன் பெயர் கீதன். பாலேஸ்வரியின் மகன்.

டொரோண்டோவில் அந்தக் குரலை அறியாத தமிழர் கிடையாது. யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை இருபது வருடமாக இரவு எட்டு மணிக்கு அதுதான் சொல்லிவந்தது. அது கேட்டதும் வீடுகளில் சோற்றுக் கோப்பையில் போட்ட கையை எடுத்துவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். இறந்தவரின் பெயரைவிட அதற்குப் பின்னால் வரும் பெயர்களைத்தான் கவனமாகக் கேட்பார்கள். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று வரிசையாகப் போகும்போது எந்தப் பெயர் விடுபடுகிறதோ, அந்த ஆளைக் குடும்பம் கைகழுவிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னர் பாலேஸ்வரியின் கணவர் தியாகலிங்கம் மாரடைப்பில் இறந்தபோது, அந்த அறிவித்தலையும் அவரே வாசித்தார். குரல் ஒரு துளிகூட நடுங்கவில்லை. "நிரூபாவின் பாசமிகு தந்தையும்" என்று மகளின் பெயரைச் சொல்லிவிட்டு நேரே மைத்துனர்மாருக்குப் போய்விட்டார். மகன் சேலை கட்டி மேடையேறுவது ஊருக்குத் தெரிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கீதன் தன் பெயர் வரும் வரும் என்று போனில் வானொலியைப் போட்டுக் காதில் வைத்தபடியே நின்றான். அந்தக் கொடுமையைக் கொடுமை என்றுதான் சொல்லவேண்டும். செத்த வீட்டுக்கு வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு, யாரோடும் கதைக்காமல் போனான்.

அவன் சேர்ந்திருந்த குழுவுக்கு 'நத்தார் நாயகிகள்' என்று பெயர். நான்கு ஆண்கள். தலைவர் றொனால்ட் பகலில் வீட்டுக்கடன் முகவர், மேடையில் வேரோனிக்கா. கீதன் மேடையில் மோகனாம்பிகை. வருடாவருடம் கிறிஸ்மஸ் என்கிற நத்தார் காலத்தில் ஒரு பழைய வான் வண்டியில் பனிக்காலச் சில்லுகளை மாட்டிக்கொண்டு, தமிழர் இருக்கும் நகரம் நகரமாகப் போய் ஆடுவார்கள், பகிடி விடுவார்கள், பின்னால் சினிமாப் பாட்டு ஓட முன்னால் நின்று வாயசைப்பார்கள். அன்று பார்க்டேலில் மோகனாம்பிகை வாயசைக்கத் தொடங்கியதும் ஓடிய பாட்டு நின்றுபோனது. வயரே கழன்று கிடந்தது என்று ஒலிபெருக்கிக்காரர் பிறகு சத்தியம் பண்ணினார். ஆனால் பாட்டு நிற்கவில்லை. காதல் பாட்டின் வரிகள், மரண அறிவித்தலின் நிதானத்தோடு, அந்தச் சாயம் பூசிய உதடுகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. முதலில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு கையிலிருந்த மட்டன் ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

கீதனுக்கு முதல் எழுத்திலேயே விளங்கிவிட்டது. உடனே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இரண்டு வருடமாக அவனோடு ஒரு வார்த்தை பேசாத குரல் இப்போது அவனுடைய நெஞ்சுக்குள்ளிருந்தே வந்துகொண்டிருந்தது. அதை விட்டுவிட அவனுக்கு மனம் வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. கனடாவிலேயே இருக்கும் லண்டனில் பாடினான், ஒட்டாவாவில் பாடினான், மொன்றியலில் கதவுக்கு வெளியே பனியில் நின்றவர்களுக்கும் கேட்கப் பாடினான். இங்கே ஸ்காபரோவில், டோர்செட் பார்க் வீட்டில், தாய்க்குக் குரல் திரும்பிவர ஒவ்வொரு ஊருக்கும் கூடுதலாகத் தாமதமாயிற்று. பார்க்டேலுக்குப் போனது அன்றிரவே வந்தது. ஒட்டாவாவுக்குப் போனது மறுநாள் மத்தியானம்தான் வந்தது, அதுவும் கரகரத்துக்கொண்டு. மொன்றியலுக்குப் போனது வரவே இல்லை. அன்புராசா தானே அறிவித்தல் வாசித்துப் பார்த்தார். இருமலுக்கிடையில் மருமக்களின் பெயர்களை எல்லாம் விழுங்கிவிட்டார் என்று குடும்பங்கள் சண்டைக்கு வந்தன. பாலேஸ்வரி அக்கா வாசிக்காத சாவை எப்படி நம்புவது என்று கேட்டுச் சனம் போன் பண்ணியது. ஒரு வீட்டில் தகனத்தையே தள்ளிவைத்தார்கள்.

நத்தாருக்கு அடுத்த நாள் நிரூபா தமையனைக் கூப்பிட்டாள். மொன்றியல் நிகழ்ச்சியின் வீடியோ அவள் போனுக்கும் வந்திருந்தது, அதைத் தாயும் பார்த்துவிட்டார். "அண்ணா, அம்மாவுக்குக் குரலே வரேல்லை. சீரியஸ்லி. டொக்டருக்கும் ஒண்டும் விளங்கேல்லை. நீ ஸ்காபரோவிலையும் பாடினால் இனி வராது போலக் கிடக்கு."

கீதன் தான் விலகுவதாக றொனால்டிடம் சொன்னான். றொனால்ட் கோபிக்கவில்லை, கெஞ்சினார். மண்டபம் நிரம்பிவிட்டது, வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் குரலுக்காகத்தான் வருகிறார்கள். நாலு ஊரில் பாடிவிட்டுச் சொந்த ஊரில் வாயை மூடினால் சனம் இருக்கிற கதிரைதான் பறந்து வரும், அதற்குப் பிறகு இந்தக் குழுவை எந்த மண்டபத்துக்காரன் ஏற்றுவான் என்று கேட்டார். கீதன் முகத்துக்குச் சாயம் பூசத் தொடங்கினான்.

ஸ்காபரோ மண்டபத்தில் ஆட்டமும் பகிடியும் ஒருமாதிரி ஒப்பேறின. எட்டு மணிக்கு மோகனாம்பிகை மேடைக்கு வந்தாள். இரண்டாவது வரிசையில், குளிர் ஜக்கெட்டைக் கழற்றாமல், நிரூபாவுக்குப் பக்கத்தில் பாலேஸ்வரி இருந்தார். கீதன் கண்டுவிட்டான். பாட்டு ஓடத் தொடங்கியது. அவன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அசையாமல் நின்றான். பாட்டு முழுவதும் ஓடி முடிந்தது. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். யாரோ ஏமாற்று வேலை என்றார்கள், கதிரைகள் உரசும் சத்தம் கேட்டது. திரைச்சீலைக்குப் பின்னால் றொனால்ட் பாடச்சொல்லிக் கையைக் காட்டினார். கீதனின் கண்மை கன்னத்தில் ஓடியது, வாய் மட்டும் திறக்கவில்லை.

அப்போது ஒரு செருமல் கேட்டது. செருமல்தான், ஆனாலும் மண்டபம் முழுவதும் அதை அடையாளம் கண்டுகொண்டது. பாலேஸ்வரி தன் தொண்டையை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து, யாருடைய கையையும் பிடிக்காமல் மேடைப் படிகளில் ஏறி, மைக்கை எடுத்தார்.

"யாழ்ப்பாணம் கோண்டாவிலைப் பூர்வீகமாகவும், ஸ்காபரோ டோர்செட் பார்க்கைப் பிறப்பிடமாகவும் கொண்ட…"

இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கிழவர்கள் குளிர்த் தொப்பியைக் கழற்றினார்கள். பெற்ற தாய் பிள்ளையைச் சபையில் வைத்துச் செத்தவனாக அறிவிக்கப் போகிறாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நிரூபா வாயைப் பொத்திக்கொண்டாள். கீதன் தலையைக் குனிந்தான், ஆனால் தாயின் குரலைத் தடுக்க ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை.

"காலஞ்சென்ற தியாகலிங்கம், பாலேஸ்வரி தம்பதியரின் அன்பு மகனும், நிரூபாவின் பாசமிகு சகோதரனுமாகிய கீதன் அவர்கள்…"

இதற்கு அடுத்து என்ன வரும் என்பது அங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பாலேஸ்வரி அந்த இடத்தில் ஒருபோதும் நிறுத்தாதவர், நிறுத்தினார். இருபது வருடத்தில் முதல் தடவையாக அவருடைய குரல் நடுங்கியதை எல்லாரும் கேட்டார்கள்.

"…இப்ப உங்களுக்காகப் பாடுவார்."

மைக்கை மகனின் கையில் வைத்தார். "பாடு. எனக்குக் கதைக்க வேண்டியது கதைச்சாச்சு."

அவன் பாடினான். அவருடைய குரல்தான் வந்தது. பாலேஸ்வரி இறங்கிப்போய்க் குளிர் ஜக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாய் பேசாதவராக முழுவதையும் கேட்டார். எழுந்து நின்றவர்கள் உட்கார மறந்து நின்றபடியே கேட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் குரல் காருக்குள் தானாக வந்து சேர்ந்தது. வந்ததும் அது செய்த முதல் வேலை, சேலைக் கொசுவத்தை உப்பிடியே கட்டுறது என்று பின்சீட்டில் இருந்தவனை ஏசியதுதான். கீதன் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓம் அம்மா என்றான்.

இந்த வருடம் அந்த வானொலியில் மார்கழி மாதத்துக்கு மட்டும் மரண அறிவித்தல்கள் ஏழு மணிக்கே வாசிக்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். காரணம் சொல்லவில்லை, கேட்டவர்களும் இல்லை. எட்டு மணிக்குமேல் இறந்தவரின் வீட்டார் கூப்பிட்டு அவசரப்படுத்தினால், அக்காவின் குரல் மகனோடு வேலைக்குப் போயிருக்கிறது, நாளைக்குத்தான் வாசிக்கலாம் என்று அன்புராசா சொல்கிறார். அவர்களும் சரி என்று போனை வைக்கிறார்கள்.