ஜான்கி சிரிக்காத படங்கள்

1

இந்தக் கதை என் சொந்தப் பல்வலியில் பிறந்தது. பிரிஸ்பேனில் ஒரு நாற்காலியில் என்னைச் சாய்த்து, வாய்க்குள் ஒரு குழாயையும் இரண்டு விரல்களையும் விட்ட பிறகு டாக்டர் சுஷீலா பேச ஆரம்பித்தார். பதில் சொல்ல முடியாதவனிடம் கதை சொல்வது பல் டாக்டர்களுக்குக் கைவந்த கலை. "ஃபிஜியில, நாடிங்கிற ஊர்ல, அங்க என்னோட கடைசி நாளன்னிக்கு ஒரு அம்மா வந்தாங்க," என்றார். அவர் சொன்னது பாதிதான். மீதி என் கைச்சரக்கு. எங்கே மாறுகிறது என்று அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1987இல் ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த அதே வாரம் ஜான்கியின் ஈறு—"

அடித்துவிட்டேன். பிறகு: "நாடும் ஒரு வாய்தான். வெளியே தெரியும் சொத்தை ஒன்று, உள்ளே தெரியாமல்—"

இதையும் அடித்தேன். ஜான்கியின் வாயை நாடாக்க நான் யார்? அவள் கேட்டால் சிரிப்பாள். இல்லை, சிரிக்க மாட்டாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்ன அந்த அம்மாதான் ஜான்கி; நாடிக்குப் பக்கத்தில் சபேட்டோக்காரி. கணவன் நடராஜன் விமான நிலையத்தில் பெட்டி தூக்கினான். ராணுவம் ஆட்சியைப் பிடித்த அந்த வருஷம் இந்தியர் வீடுகளில் கல் விழுந்தது; முதலில் பக்கத்து வீட்டில், பிறகு இவர்கள் வீட்டிலும். சுற்றிப் பார்க்கிற விசாவில் சிட்னிக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். "பின்னாடியே நீயும் வந்துடலாம்," என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அந்தப் பின்னாடி நான்கு வருஷமாக நீண்டது.

விசா வேண்டி ஜான்கி வருஷா வருஷம் மாரியம்மன் கோவிலில் காப்புக் கட்டித் தீ மிதித்தாள். முதல் வருஷம், காப்புக் கட்டிய மறுநாள் காலை, பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம். விரதத்தில் ரத்தம் ஆகுமா? பிரஷ்ஷை எடுத்து வைத்துவிட்டு மஞ்சள் தண்ணீரில் கொப்பளித்தாள். ரத்தம் நின்றுவிட்டது. அம்மனே நிறுத்தினாள் என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காப்பு அவிழ்த்த பிறகு பிரஷ்ஷைத் தொட்டாள், மறுபடியும் ரத்தம். இனி பிரஷ்ஷே வேண்டாம் என்று அப்போதுதான் முடிவு செய்தாள். விசா வரும்வரை விரதம் முடிந்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

3

நடராஜன் படம் கேட்பான். நாடியில் ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்து அனுப்புவாள். மூன்றாவது வருஷம் முன்பற்கள் நீண்டு, விலகி, நாக்கால் தள்ளினால் அசைந்தன. ஸ்டுடியோக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

ஜான்கி வீட்டுச் சாலையில் பல்ராம் கடையில் மட்டும்தான் போன். சிட்னியிலிருந்து அழைப்பு வந்தால் உப்பு வாங்க வந்தவர்கூட நகர மாட்டார்.

"ஏன் ஜான்கி, படத்துல மூஞ்சிய அப்படி வெச்சிருக்க? என்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க."

கடையே காது கொடுத்துக் கேட்கும்போது பல் ஆடுகிறது என்று எந்தப் பெண் சொல்வாள்? அடுத்த படத்திலும் அவள் சிரிக்கவில்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

4

நடராஜனுக்கு அங்கே தங்க அனுமதி கிடைத்தது, ஜான்கிக்கும் விசா வந்தது. கூடவே கடைவாய்ப் பல்லில் இருந்த குழியும் வலிக்க ஆரம்பித்தது. பிடுங்கிக்கொண்டு நிம்மதியாக விமானம் ஏறலாம் என்று நாடிக்குப் போனாள். சுஷீலாவின் அறையில் பாதி சாமான் பெட்டிக்குள் போயிருந்தது.

(அவர்கள் பேசியது ஃபிஜி இந்தியில். ஜான்கியின் தமிழ் அம்மனுக்கும் புருஷனுக்கும் மட்டும். நான்தான் எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டேன்.)

"வலிக்கிற பல்லு இருக்கட்டும் அக்கா, அடைச்சுடலாம். வேர் கெட்டியா இருக்கு. முன்னால நாலுதான் போயிடுச்சு. சீழ் வெச்சிருக்கு."

"அது வலிக்கவே இல்லியே டாக்டரம்மா."

"சொத்தைதான் வலிச்சுக் காட்டும். ஈறு காட்டாது. ரெண்டுக்கும் ஒரே அழுக்குதான் காரணம். பல்லை அரிச்சா குழி, ஈறுக்குள்ள இறங்கினா எலும்பே கரையும். தேய்க்கும்போது ரத்தம் வரலியா?"

"வந்துச்சு. தேய்க்கிறத விட்டேன், நின்னுபோச்சு."

"நிக்கல அக்கா. நீங்க தொடல, அதனால தெரியல."

ஜான்கி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான்கு வருஷத் தீ அவள் காலைச் சுடவில்லை. இந்த ஒரு வாக்கியம் சுட்டது.

"கட்டுப்பல்லு?"

"இங்க செய்யிறவர் வான்கூவர் போயிட்டார். நானும் நாளைக்கு..."

சுஷீலா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. என்னிடம் சொன்னபோதும் முடிக்கவில்லை. நான்கையும் எடுத்து, பஞ்சு வைத்து, கடித்துக்கொள்ளச் சொன்னாராம். "கைக்குட்டையால வாயப் பொத்திக்கிட்டு பஸ் ஏறினாங்க சார். பல்லக் கட்டிக் குடுக்காம விட்டுட்டு வந்துட்டேன்." அவர் கண் கலங்கியது. என் வாயில் குழாய். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை.

5

இனி என் கைச்சரக்கு.

பஸ் பல்ராம் கடை முன்னால் நிற்கிறது. "ஜான்கி அக்கா, ஓடி வா! சிட்னி லைன்ல!"

"ஜான்கி, டிக்கெட் எடுக்கணும்," என்கிறான் நடராஜன். "அந்தப் படங்களப் பாத்துப் பாத்து எனக்கு ஒண்ணும் புரியல. வர இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

வாயில் பஞ்சு. கடையில் ஐந்தாறு பேர்.

லைன் அறுந்துவிட்டது என்று முதலில் எழுதினேன். அது கோழைத்தனம், அடித்தேன். பல்ராம் ரிசீவரை வாங்கி விவரம் சொல்வதாக எழுதினேன். ஜான்கி தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். எனக்கும் அவள் கட்டுப்படவில்லை.

அவளே திரும்பி நின்று பஞ்சை எடுத்துக் கைக்குட்டையில் சுருட்டினாள். உதடு மரத்திருந்தது. பல்லில்லாத இடத்தில் காற்று போனது. நான்கு வருஷம் அம்மனிடம் கேட்டதை, தமிழில், அவனிடம் சொன்னாள்.

"நான் வரேங்க."

சிட்னியிலிருந்து, "யாரு பேசறது?"

"நான்தாங்க."

"பாட்டிம்மா, நீங்க போன வெச்சிடாதீங்க. ஜான்கிய கொஞ்சம் கூப்பிடுங்க. அங்க இருக்காளா?"

இருக்கா என்று எழுதி அடித்தேன். இல்ல என்று எழுதி அதையும் அடித்தேன். அதற்கு மேல் என் கை போகவில்லை. கடையில் யாரும் நகரவில்லை. அவன் இன்னும் லைனில்தான் இருக்கிறான். ரிசீவரை உங்களிடம் தருகிறேன். நீங்களே சொல்லுங்கள், ஜான்கி இருக்காளா?